பெடைக் குயில்: பாட்டிலும் பழத்தட்டிலும்

ஒரு பொருளின் பெயரை அறிவது வேறு. அப்பொருளையே அறிவது வேறு. பெயரறிவு நூலால் வரும். பொருளறிவு கண்ணால் வரும். இலக்கியம் கற்றோரிடம் முன்னது மிகுதி, பின்னது அரிது. இரண்டும் கூடாத இடத்தில், கற்றவர் வீட்டு முற்றத்திற்கு அவர் கற்ற பொருளே நேரில் வந்து நின்றாலும், ‘இஃது யாதோ’ என்று அவர் திகைத்து நிற்க நேரும். இதற்குத் தமிழரிடையே கிடைக்கும் தக்க சான்று குயில்.

மலேசியாவில் தோட்டத்தோடு கூடிய வீடுகளில் வேலியோரம் ஒரு பலகையை நிறுத்தி, அதன்மேல் கனிந்த பப்பாளித் துண்டோ வாழைப்பழமோ வைத்துப் பறவைகளை விருந்துக்கு அழைப்போர் உண்டு. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவதைச் சட்டம் தடுக்கிறது. அங்கே பப்பாளி மரமும் அத்தி மரமுமே பறவைகளின் பந்தி. இப்பந்திக்கு மைனா வரும், கொண்டைக்குருவி வரும், மஞ்சள் நிற மாங்குயில் வரும். இவற்றையெல்லாம் வீட்டிலுள்ள சிறுவரும் அறிவர். ஒருநாள் புதிய விருந்தாளி ஒன்று வந்து அமர்கிறது. காக்கையின் நீளம்; ஆனால் காக்கையைவிட ஒல்லியான உடல். முதுகும் சிறகும் தவிட்டு நிறம். அவற்றின்மேல் அரிசி இறைத்தாற்போல் வெண்புள்ளிகள். வெளிறிய மார்பில் கருவரிகள். நீண்ட வாலிலும் குறுக்கு வரிகள். கண்கள் செக்கச் சிவந்தவை.

‘வல்லூறு’ என்பார் ஒருவர். ‘செம்போத்தின் குஞ்சாக இருக்கலாம்’ என்பார் மற்றொருவர். ‘ஆந்தை வகையில் ஏதோ ஒன்று’ என்று மூன்றாமவர் முடிப்பார். ‘குயில்’ என்ற சொல் மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை. ஆனால் வந்திருப்பது குயிலேதான், குயிலின் பெடை. குயிலைப் பற்றிய பாடல்களை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய வீட்டிலும் அது பெயர் தெரியாத விருந்தாளியாகவே பழத்தைத் தின்று பறந்துவிடுகிறது. இத்தடுமாற்றம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது பறவை நூலார்க்கு மட்டும் உரிய வேலையன்று. இலக்கியத் திறனாய்வாளர்க்கும் அதில் பங்குண்டு.

கண்ட குயிலும் கேட்ட குயிலும்

சங்கப் பாடல்கள் இரண்டை அருகருகே வைத்து நோக்குவது இங்குப் பயன்தரும். முதலாவது, குறுந்தொகையின் 192ஆம் பாட்டு. கச்சிப்பேட்டு நன்னாகையார் இயற்றியது. பிரிந்து சென்ற தலைவன் வருவான், வருந்தாதே என்று ஆற்றுவிக்கும் தோழிக்குத் தலைவி விடை கூறுகிறாள். மாமரக் கிளையில் குயில் பூந்தாதைக் கோதும் காலம் வந்துவிட்டது. அவளோ பூச்சூடாத வெறுங்கூந்தலைத் தடவிக்கொண்டிருக்கிறாள். அக்குயில் எப்படி இருக்கிறது? மின்னும் இறகுகளை உடைய கரிய உடலில் பொன்னிறத் தாது ஒட்டியிருக்க, பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் போல் இருக்கிறது.

இவ்வுவமையைச் சற்றே நின்று காண வேண்டும். கட்டளைக்கல் கருமையானது, வழவழப்பானது, அதன்மேல் பொன்னை இழுத்தால் கீற்று விழும். குயிற் சேவலின் கருமையும் மங்கிய கருமையன்று. வெயில் படும்போது நீலம் கலந்து மின்னும் கருமை. காக்கையையும் குயிலையும் பிரித்துக் காட்டும் அந்த மினுமினுப்பைப் புலவர் முதலில் சொல்லிவிட்டார். தாது ஒட்டியதையும் கண்டு சொன்னார். கிளைக்கு அருகே நின்று நோக்கியவருக்கே இவ்வுவமை வாய்க்கும். தட்டார் பட்டறையையும் மாந்தோப்பையும் ஒருங்கே அறிந்த கண் இது.

இரண்டாவது, ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் இளவேனிற் பத்தின் முதற்பாட்டு. நூலின் 341ஆம் பாட்டு. இங்கும் பிரிந்த தலைவன் வரவில்லை. இளவேனிற் பொழுது வந்துவிட்டது. அப்பொழுதின் அடையாளமாகக் குயிற் பெடை இனிய குரலில் கூவுவது சொல்லப்படுகிறது. பாட்டின் இரக்கத்தில் குறைவில்லை. காத்திருக்கும் பெண்ணின் செவியில் கூவும் குயிலும் பெண்ணாகவே ஒலிக்கிறது. உணர்ச்சியின் நெறிப்படி இது பொருத்தமே. ஆனால் உலகியலின் நெறி வேறு. இசையாக ஏறி ஏறிக் கூவுவது சேவல். பெடையின் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று தொடர்ந்து வெடிக்கும் கீச்சொலி. எந்தப் புலவரும் அதனை யாழோடு ஒப்பிடத் துணியார்.

ஆக, ஒரு புலவர் குயிலைக் கண்டு பாடினார். மற்றவர் கேட்டுப் பாடினார். கண்டு பாடியவர்க்குக் கிடைத்தது சேவலின் உருவம். கேட்டுப் பாடியவர் சேவலின் குரலைப் பெடைக்கு வழங்கினார். உருவமும் சேவலுடையது, குரலும் சேவலுடையது என்றான பின், உண்மைப் பெடைக்குப் பாட்டில் எஞ்சியது பெயர் ஒன்றே. அதன் புள்ளியும் வரியும் கீச்சொலியும் பாட்டின் புறத்தே நின்றுவிட்டன.

பிற்காலத்தார் இவ்விரு வழிகளில் எளியதைப் பற்றிக்கொண்டனர். குயிலுக்குக் ‘கரு’ என்ற அடை நிலைத்தது. பெண்ணின் பேச்சுக்குக் ‘குயில்மொழி’ என்ற தொடர் நிலைத்தது. அடையும் தொடரும் நிலைத்துவிட்டால் பாடுவோர்க்குத் தோப்புக்குப் போகும் தேவை இல்லை. முன்னோர் ஏட்டைப் புரட்டினால் போதும். கட்டளைக்கல்லின் கீற்றைப்போல ஒருமுறை கண்ணில் மின்னியது, ஆயிரம் முறை கையாளப்பட்டுத் தேய்ந்த காசாயிற்று.

பாரதியாரின் குயில்

இத்தொடர்ச்சியில் பாரதியாரின் குயில் பாட்டை வைத்து நோக்குதல் தகும். புதுச்சேரியை அடுத்த மாஞ்சோலையில் பாடும் அக்குயில் பெண். கவிஞன்மேல் காதல் கொள்வதாகச் சொல்கிறது. குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதலைப் பேசுகிறது. முடிவில் எல்லாம் கனவென விரிகிறது. இதனை எடுத்துக்கொண்டு, ‘பெண்குயில் பாடாது, ஆகவே பாரதியார் தவறினார்’ என்று குறை கூறுவோர் உளராயின், அவர் கூறுவது திறனாய்வு ஆகாது. குயில் பாட்டு பறவை நூலன்று. அது தன்னைக் கனவென்றே அறிவித்துக்கொள்கிறது; வேதாந்தப் பொருள் கொள்ள இடமுண்டோ என்று கற்றோரைக் கேட்டே முடிகிறது. முற்பிறவி நினைந்து மனிதமொழி பேசும் குயிலுக்கு விலங்கியலின் விதிகளைப் பூட்டுதல் பொருந்தாது.

குறை கவிஞரிடம் இல்லை, படிப்போரிடம் உள்ளது. கனவைக் கனவாகவும் நனவை நனவாகவும் பிரித்து வைக்காமல், பாட்டில் படித்ததைக் கொண்டே உலகக் குயிலுக்கு இலக்கணம் வகுத்துக்கொண்டோம் என்பதே குறை. சொற்பொருள் எழுதுவோரும் இதற்குத் துணைபோயினர். ஒரு செய்யுளில் பறவைப் பெயர் வந்தால் ‘ஒருவகைப் பறவை’ என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடும் உரைகள் எத்தனை! ஒருவகை என்றால் எவ்வகை? எவ்வளவு பெரியது? எங்கே அமரும்? என்ன தின்னும்? ஆணும் பெண்ணும் ஒருபடியா, வேறுபடியா? இவற்றுள் ஒன்றுக்காவது விடை இருந்தால்தான் அது பொருள் கூறல்.

பழைய இலக்கணம் இவ்வளவு அசட்டையாக இருக்கவில்லை. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து எண்ணுகிறது. எந்நிலத்தில் எப்புள் என்பது புலவன் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பது அதன் கருத்து. மரபியலிலோ ஆண்பாற் பெயர்களும் பெண்பாற் பெயர்களும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. சிறகுடைய எல்லாவற்றின் ஆணும் சேவல் எனப்படும், மயில் ஒன்று நீங்கலாக என்று விலக்கும் கூறுகிறது. இவ்வளவு நுட்பமாகச் சேவலையும் பெடையையும் பிரித்த மொழியில், குயிலின் பெடை எப்படி இருக்கும் என்ற எளிய கேள்விக்கு விடை தெரியாமற் போனது வருந்தத்தக்கது.

ஐரோப்பிய அறிஞரின் தடுமாற்றம்

இவ்வாறு தடுமாறியவர் தமிழர் மட்டுமல்லர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூற் பதிப்பில் உயிரினங்களுக்கு இருசொற் பெயர் சூட்டினார். அதில் வங்கத்திலிருந்து அறியப்பட்ட கரிய குயிலுக்கு ஒரு பெயரும், மலபாரிலிருந்து அறியப்பட்ட புள்ளி போட்ட தவிட்டுக் குயிலுக்கு வேறொரு பெயரும் காணப்படுகின்றன. சேவலும் பெடையும் இரு வேறு இனங்களாக ஏட்டில் ஏறின. உயிருள்ள பறவைகள் ஒரே மரத்தில் இருப்பதைக் காணாமல், எட்டாத தொலைவிலிருந்து படத்தையும் குறிப்பையும் மட்டும் வைத்துப் பெயரிட்டால் இதுவே விளையும்.

பின்னர் வந்தோர் பிழையைத் திருத்தி இரண்டையும் ஒன்றாக்கினர். அப்போது நிலைத்த பெயர் எது என்பது சுவையானது. இன்று ஆசியக் குயிலின் அறிவியற் பெயர் யூடைனமிஸ் ஸ்கோலோபாசியஸ். இரண்டாம் சொல்லுக்கு ‘உள்ளானைப் போன்றது’ என்பது பொருள். உள்ளான், நீர்நிலைச் சேற்றில் திரியும் புள்ளியும் வரியும் உடைய பறவை. சேவலின் கருமேனியைக் கண்ட எவரும் உள்ளானை நினையார். அப்பெயர் பெடையின் மேனியைக் கண்டு இட்ட பெயர். தமிழ்ப் பாட்டு குயிலைச் சேவலின் கருமையாலும் குரலாலும் அறிந்தது. அறிவியல் பெடையின் புள்ளியால் பெயரிட்டது. ஒரு பறவையின் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்க்க இவ்விரு நூல்வழிகளும் வேண்டும்.

இனங்காணும் ஒழுங்கு

இனி, பலகையில் வந்து அமரும் புதிய பறவையை இனங்காண்பது எப்படி என்பதை ஆராயலாம். இக்கலையை எல்லார்க்கும் உரியதாக ஆக்கிய நூல்களுள் இரண்டைக் குறிப்பது தகும். ஒன்று, ரோஜர் டோரி பீட்டர்சன் அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு. பறவையைச் சுட்டுக் கையில் எடுத்து அளந்து பெயரிடும் பழைய முறை அவர்க்கு உடன்பாடன்று. உயிரோடு தொலைவில் நிற்கும் பறவையை, அதனோடு மயங்கத்தக்க மற்றப் பறவைகளிடமிருந்து பிரிக்கும் அடையாளம் எதுவோ அதனை மட்டும் சிறு கோடிட்டுப் படத்திற் காட்டினார். மற்றொன்று, சலீம் அலி 1941ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல். அதில் அளவு கூறும் முறை போற்றத்தக்கது. இத்தனை அங்குலம் என்பதோடு நில்லாமல், குருவி, கொண்டைக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்று எவரும் அறிந்த பறவைகளையே அளவுகோலாக்கி, அவற்றினும் பெரிதா சிறிதா என்று அவர் கேட்க வைக்கிறார். படிக்காதவரும் இதற்கு விடை சொல்லலாம்.

இந்த ஒழுங்கைப் பலகை விருந்தாளிக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதற் கேள்வி அளவு. காக்கையின் நீளம் என்பது விடை. குயிலின் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், வாலே அதில் பெரும்பங்கு. இதனால் மைனா, கொண்டைக்குருவி முதலிய சிறியவை விலகுகின்றன. இரண்டாவது அலகு. வல்லூறுக்கு அலகு கொக்கிபோல் வளைந்து, ஊன் கிழிப்பதற்கு ஏற்றதாக இருக்கும். இப்பறவையின் அலகு பருத்து, நுனியில் மட்டும் சிறிது வளைந்து, வெளிறிய பச்சைச் சாயலோடு இருக்கிறது. மேலும், வல்லூறு பப்பாளிப் பழத்தைத் தேடி வராது. வரிபோட்ட மார்பைக் கண்டு வல்லூறு என்றவர் உணவைக் காணத் தவறினார்.

மூன்றாவது வடிவமும் நடையும். செம்போத்து கனத்த உடலோடு புதரிலும் தரையிலும் நடந்து பூச்சியும் ஓணானும் தேடும். அதன் சிறகு செங்காவி நிறம். பலகையிற் கண்ட பறவையோ கிளையிலிருந்து கிளைக்கு நழுவிச் செல்கிறது. சிறகில் செங்காவி இல்லை. நான்காவது முகம். ஆந்தையின் கண்கள் இரண்டும் தட்டையான முகத்தில் முன்னோக்கி நிற்கும். இதற்கு மற்றப் பறவைகளைப் போல் பக்கத்திற்கு ஒன்று. பகல் வெயிலில் பழம் தின்னும் ஆந்தையும் இல்லை. ஐந்தாவது கால். கிளையைப் பற்றும்போது இரு விரல் முன்னும் இரு விரல் பின்னும் நிற்கின்றன. இது குயிற்குடும்பத்தின் பொது அடையாளம். ஆறாவது கண்ணின் சிவப்பு. ஏழாவது, ஒருவேளை எல்லாவற்றையும் முடித்துவைப்பது, துணை. சற்றுப் பொறுத்திருந்தால், அதே பழ மரத்திற்கு நீலங்கலந்த கருமேனியும் அதே சிவந்த கண்ணும் உடைய சேவலும் வந்து சேரலாம்.

இவ்வொழுங்கில் நிறம் எங்கே என்று படிப்போர் கேட்கலாம். வேண்டுமென்றே அது கடைசிக்குத் தள்ளப்பட்டது. புதிதாக வந்த பறவையைக் கண்டோர் முதலில் பற்றிக்கொள்வது நிறத்தையே. தடுக்கி விழுவதும் அங்கேயே. பெடை ஒரு நிறம், சேவல் ஒரு நிறம், குஞ்சு ஒரு நிறம் என்று மாறும் பறவைகள் பல. வடிவமும் அலகும் காலும் உணவும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. நிறத்தை வைத்துத் தொடங்கியவர் ‘குயில் கறுப்பு, இது கறுப்பில்லை, ஆகவே இது குயிலில்லை’ என்று முடிப்பார். அளவையியல் வழி நோக்கினால் முடிவு சரியாகவே தோன்றும். முதற்கூற்றே பாதி உண்மை என்பதுதான் கேடு.

கையேடுகளிலும் குறை உண்டு. பல கையேடுகளில் சேவலின் படம் முதலிடம் பெற, பெடை அதன் நிழலில் நிற்கிறது. படிப்போரும் படங்களை விரைந்து புரட்டி, ஒத்ததுபோல் தோன்றிய முதற் படத்தில் விரல் வைத்துவிடுகின்றனர். கையேட்டை இயற்றியவர் பல ஆண்டு காத்திருந்து கண்டதை, வாங்கியவர் அரை நிமிடத்தில் பெற விரும்பினால் பிழை நேராமல் என்ன செய்யும்? மலாயாப் பறவைகளுக்கு அறிமுக நூல் எழுதிய ஜி. சி. மேடாக் என்னும் போலீஸ் அதிகாரி, ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டிருந்த 1943ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். சிறைக்குள் இருந்தும் அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன் பல்லாண்டு வெளியே திரிந்து பறவைகளைக் கண்டிருந்தமையே. நூலின் பின்னால் நிற்கும் அவ்வுழைப்பைப் படிப்போரும் ஓரளவேனும் மேற்கொள்ள வேண்டும்.

இந்நாட்டிற்குக் குயில் வந்த வழி

பெடைக் குயிலின் புள்ளிக்கு ஒரு காரணம் உண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. காக்கை தன் கூட்டை விழிப்போடு காக்கும் பறவை. சேவற் குயில் வெளிப்படையாகக் கூவிக் காக்கைகளின் சினத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு அவற்றை விலக்கி இழுக்க, பெடை இலைமறைவில் நழுவிச் சென்று முட்டையிடுவதாகப் பறவை நோக்குவோர் எழுதியுள்ளனர். காய்ந்த இலையும் வெயிற் பொட்டும் கலந்த கிளையில் புள்ளி போட்ட தவிட்டு மேனி கண்ணுக்குத் தெரியாது. காணப்படாமல் இருப்பதே பெடையின் தொழில். பாட்டிலும் அது காணப்படாமலே தப்பியது என்று சொல்லலாம் போலும்.

இக்காக்கை வழியாகத்தான் இந்நாட்டில் குயிலின் குடியேற்றமும் நிகழ்ந்தது. மலாயாவில் குயில் முன்பு பெரும்பாலும் வடக்கேயிருந்து குளிர்காலத்தில் வந்து மீளும் விருந்தாளியாக இருந்தது. ஊர்க்காக்கை மலாயாத் தீபகற்பத்திற்கு உரியதன்று. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து அது கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்த் தொழிலாளரைக் கப்பலேற்றிய அதே தோட்டப் பொருளாதாரமே காக்கையையும் கப்பலேற்றியது. காக்கை நகரங்களிற் பெருகியது. அதன் கூடுகள் பெருகவே, வந்து மீண்டுகொண்டிருந்த குயில் தங்கி இனம் பெருக்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1980களிலிருந்து குயில் நிலையான குடியாகி, இன்று அடுக்குமாடி வீடுகளின் நடுவே நாள்தோறும் கேட்கும் குரலாயிற்று.

ஆகவே, இங்குள்ள தமிழர் கேட்கும் குயில், தாயகத்துப் பாட்டிலிருந்து தவறி வந்த எதிரொலியன்று. இந்நாட்டு மரத்தில் தங்கி, இந்நாட்டுப் பழத்தை உண்டு, இங்குக் குடியேறிய காக்கையின் கூட்டில் பிறந்த பறவை. இவ்வுண்மையை இந்நாட்டு எழுத்தாளர் எந்த அளவு கண்டுகொண்டனர் என்பது கேட்கத்தக்க கேள்வி. வசந்தம் வந்தது, மாந்தளிர் அரும்பியது, கருங்குயில் கூவியது என்று இங்கும் கவிதைகள் எழுதப்படுகின்றன. இந்நாட்டில் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. மழை மிகுந்த மாதங்களும் குறைந்த மாதங்களும் உண்டு. இளவேனிலுக்காகக் காத்திருந்து கூவும் குயிலை இங்கே பாடுவோர், ஐங்குறுநூற்றுத் தலைவி இருந்த நிலத்தைப் பாடுகின்றனரே அன்றித் தாம் நிற்கும் நிலத்தைப் பாடவில்லை. நிலமும் பொழுதும் பொருந்தாத கருப்பொருள் பாட்டுக்கு அணியாகாது.

இங்கே பாடுபொருளுக்குப் பஞ்சம் இல்லை. விடியுமுன் ஓயாமல் கூவித் துயிலைக் கெடுக்கிறது என்று சிங்கப்பூரில் குயில்மேல் குறைகூறுவோர் உண்டு. இளவேனிலின் இன்னிசை என்று ஒரு மொழி போற்றிய குரல், அடுக்குமாடிச் சன்னலில் இரைச்சலாகக் கணக்கிடப்படுகிறது. இதில் நகைச்சுவையும் உண்டு, துயரமும் உண்டு. கப்பலில் வந்த காக்கையின் கூட்டில் மற்றொரு குடியேறியின் முட்டை பொரிகிறது. இதில் வரலாறு உண்டு. நன்னாகையார் இங்கு வாழ்ந்திருந்தால் கட்டளைக்கல்லைத் தேடியிருக்கமாட்டார். அருகிலிருக்கும் வேறு பொருளையே எடுத்திருப்பார். முன்னோரைப் பின்பற்றுவது என்றால் அவர் கண்ட உவமையைத் திரும்பச் சொல்வதா, அவரைப்போல் கண்ணைத் திறந்து காண்பதா? இக்கேள்விக்கு இந்நாட்டுக் கவிஞரே விடை தர வேண்டும்.

பெயர் கடைசியில் வரட்டும்

இவ்வாராய்ச்சியால் தெளிவாவது ஒன்று. பாட்டைக் குறைத்துப் பறவை நூலை உயர்த்துவது இங்கு நோக்கமன்று. குறுந்தொகையின் அவ்வொரு பாட்டு, எந்தக் கையேட்டின் படத்திற்கும் இளைத்ததன்று. சேவற் குயிலின் மினுமினுப்பை இரண்டு அடியில் நிறுத்திவிடுகிறது. பாட்டும் கையேடும் ஒரே ஒழுக்கத்தைக் கேட்கின்றன: உள்ளதை உள்ளவாறு முதலிற் காணல். காண்பதற்கு முன்பே பெயர் வந்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். ‘குயில்’ என்றதும் கருமை மனத்தில் எழுந்து, எதிரே நிற்கும் புள்ளியை மறைத்துவிடும்.

பள்ளியில் இதனைப் பழக்குவது எளிது, செலவும் இல்லை. ஒரு பறவையைக் காட்டி ‘இதன் பெயர் என்ன’ என்று தொடங்காமல், ‘எவ்வளவு பெரியது? அலகு எப்படி? என்ன தின்கிறது? எப்படி நகர்கிறது? துணை உண்டா?’ என்று கேட்டுப் பிள்ளைகளை எழுத வைக்கலாம். ஒருநாள் கண்டதோடு மறுநாள் கண்டதையும் சேர்க்கச் சொல்லலாம். பெயர் தெரியாதவரை ஏட்டில் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கலாம், அதில் இழுக்கில்லை. தவறான பெயரை எழுதி நிரப்புவதே இழுக்கு. பிறகு ஒருநாள், தாம் எழுதிவைத்த புள்ளிப் பறவையின் பெயர் குயில் என்று அறியும் பிள்ளைக்கு, குயில் பற்றிய பாடல்கள் அனைத்தும் புதிதாகும். எந்தப் புலவர் கண்டார், எவர் கேட்டார், எவர் ஏட்டைப் பார்த்து எழுதினார் என்று பிரித்தறியும் ஆற்றல் அப்பிள்ளைக்குத் தானே வரும். திறனாய்வு என்று பெரியோர் சொல்வதன் முதற்படி அதுவே.